விளக்குகள் சொல்லும் மணி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் மணிக்கூடு நெடுங்காலம் துரையின் பங்களாவுக்கும் கந்தோருக்கும் உரிய பொருளாகவே இருந்தது. லயத்து மக்களுக்கு நேரத்தை அறிவித்தது தப்பொலி. தப்புக் கேட்டதும் எழவேண்டும். பெரட்டுக்களத்தில் போய் நிற்கவேண்டும். நேரத்தை எவ்வாறு கணித்தார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

பெரட்டுக்கு வந்தவரின் பேர் செக்ரோலில் விழும், வராதவருக்கு விழாது. அரைப்பேர் என்றொரு கொடுமையும் இருந்தது. அது தனிக் கதை. உண்டு, இல்லை என்னும் இவ்விரு குறிகளாலேயே எல்லா எண்களையும் எழுதிவிடலாம் என்பதை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், பாரிஸ் அறிவியற் கழகத்தின் 1703ஆம் ஆண்டுக்குரிய வெளியீட்டில் விளக்கினார். இதுவே துவித எண்முறை. தமிழருக்கு இது முற்றிலும் அயலானதன்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் பின்னங்கள் ஒவ்வொன்றும் முன்னதன் பாதி. துவித முறை அதே படியில் மேல்நோக்கி ஏறுகின்றது: 1, 2, 4, 8.

இம்முறையில் அமைந்த மணிக்கூட்டில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. மணி, நிமிடம், வினாடி ஆகியவற்றின் ஆறு இலக்கங்களுக்கும் ஆறு நிரல்களாகச் சிறு விளக்குகள் நிற்கும். கீழ் விளக்கின் பெறுமதி 1. அதற்கு மேல் 2, 4, 8. எரிவனவற்றைக் கூட்டினால் இலக்கம் கிடைக்கும். காலை 6.45 எனின், மணியின் ஒன்றாமிடத்தில் 4உம் 2உம் எரியும். நிமிடத்தின் பத்தாமிடத்தில் 4 மட்டும். ஒன்றாமிடத்தில் 4உம் 1உம். பத்தாமிட நிரல்களுக்கு நான்கு விளக்குகள் வேண்டியதில்லை. நிமிடத்தில் அவ்விலக்கம் 5ஐத் தாண்டுவதில்லை அல்லவா? ஆதலின் மொத்தம் 20 விளக்குகளே போதும்.

செய்நிரல் செய்யும் வேலையும் பள்ளிப்பிள்ளைக்கு எட்டாததன்று. இலக்கத்தை இரண்டால் வகுத்து, மீதியைக் கீழ் விளக்குக்குக் கொடுக்கவேண்டும். ஈவை மீண்டும் வகுத்து, அடுத்த மீதியை மேல் விளக்குக்குக் கொடுக்கவேண்டும். ஆறை வகுத்தால் மீதி 0, ஈவு 3. மூன்றை வகுத்தால் மீதி 1, ஈவு 1. ஒன்றை வகுத்தால் மீதி 1. கீழிருந்து அணைவு, எரிவு, எரிவு. உச்சி விளக்கு அணைந்தே இருக்கும்.

விளக்குகளை எரிப்பதினும் கடினம், எந்த நேரத்தைக் காட்டுவது என்பது. 1996 மே மாதத்தில், மின்சார நெருக்கடியின்போது, இலங்கை தன் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு மீண்டது. 1996இன் நடுப்பகுதியில் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கே உதித்தது. இறப்பர் மரமோ அரசாணையை அறியாது: குளிர்ந்த விடியலில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பால் வெட்டுவோர் மணிக்கூட்டின் எண்ணுக்கும் மரத்தின் இயல்புக்கும் இடையில் பத்து ஆண்டுகள் கணக்குப் பார்த்து வாழ்ந்தனர்.

இன்று அத்தகைய மணிக்கூட்டைச் செய்யும் மாணவர், உலகப் பொதுநேரத்தோடு 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டுமாறு ஒரு வரி எழுதவேண்டும். அந்த ஒரு வரியை விளக்குகள் காட்டா. செய்நிரலைத் திறந்து பார்ப்பவருக்கே அது தெரியும்.