சயாம் மரண ரயிலும் நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களும்
சயாம்–பர்மா ரயில் பாதை (415 கி.மீ., 1942–43) அமைக்க ஜப்பானிய ராணுவம் மலாயாவிலிருந்து கொண்டுசென்ற 75,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவான காலம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற வாக்கை நம்பிச் சிலர் போனார்கள். பலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பெற்றோர் மடிய, முகாம்களில் பிள்ளைகள் தனித்து நின்றனர். தோட்ட லயங்களில் தங்கிவிட்ட பெண்களுக்கோ கணவன் உயிரோடிருக்கிறானா என்ற சேதிகூட வரவில்லை.

போர்க்காலத்தில் இந்திய சுதந்திரச் சங்கம் ஆதரவற்ற தொழிலாளர்களுக்கு நிவாரண முகாம்கள் நடத்தியது. 1945 செப்டம்பரில் அமைந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் காலத்தில், சயாமில் (தாய்லாந்தில்) எஞ்சியோரை ஊர் சேர்க்கும் பணி தொடங்கியது. 1946-இல் இந்தியத் தேசியக் காங்கிரஸ் மலாயாவுக்கு மருத்துவக் குழுவை அனுப்பியது. நல்ல முயற்சிதான், ஆனால் உதவி மிகவும் வேண்டியிருந்த ஆண்டு 1943. அந்த இடைவெளியில் அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறிட்டவர்கள் பெரும்பாலும் உறவினரும் அண்டை வீட்டாருமே. நிவாரண வரலாற்றில் அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். பின்னாளில் சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம் போன்ற அமைப்புகள் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தின.