ஹைட்ராக்சிகுளோரோகுயின் (கோவிட்-19 சிகிச்சையில்)

மலேரியாவுக்கும், லூபஸ், முடக்குவாதம் முதலிய தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், 2020ஆம் ஆண்டில் போதிய சான்று கிடைக்கும் முன்பே கோவிட்-19 மருந்தாக உலகெங்கும் பரப்பப்பட்டது. பிரான்சின் மார்செய் நகரிலிருந்து அவ்வாண்டு மார்ச்சில் வெளியான சிற்றாய்வு ஒன்றே இதற்குப் பெரிதும் தூண்டுகோலாயிற்று. மருந்து பெற்ற 26 பேரில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்ட மூவரும் இறந்த ஒருவரும் உட்பட 6 பேரைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, எஞ்சியோரின் மூக்குச்சளி மாதிரியில் வைரஸ் மறைந்ததையே அது பயனாகக் காட்டியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்ச் 28 அன்று இம்மருந்துக்கு அவசரகால அனுமதி வழங்கியது. தேவை பெருகியதால் ஏற்பட்ட தட்டுப்பாட்டால் லூபஸ் நோயாளிகள் தம் வழக்கமான மாத்திரைக்கு அலைய நேர்ந்தது.

கோவிட்-19 தொற்றியவர்களில் பெரும்பாலோர் தாமாகவே குணமடைவர் ஆதலால், மருந்து உண்டவர் பிழைத்தார் என்பது மருந்தால் பிழைத்தார் என்பதற்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியவே, யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான பராமரிப்பு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்து இரு குழுக்களையும் ஒப்பிடும் சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு தேவைப்படுகிறது. அத்தகைய ஆய்வான பிரிட்டனின் ரெகவரியில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27 விழுக்காட்டினரும், பெறாத 3,155 பேரில் 25 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலானதாக இருக்கலாம் எனினும், உயிர்காக்கும் பயன் இல்லை என்பது தெளிவாயிற்று. விலை மலிந்த பழைய மருந்தான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டறிந்ததும் இதே ஆய்வுதான். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு அமெரிக்கா வழங்கிய அவசரகால அனுமதி 2020 ஜூன் 15 அன்று திரும்பப் பெறப்பட்டது. மார்செய் கட்டுரையை அதை வெளியிட்ட இதழ் 2024 டிசம்பரில் விலக்கிக்கொண்டது.