கருந்துளை சுருங்கவே சுருங்காதா? ஹாக்கிங் சொன்னதை 54 ஆண்டுகள் கழித்து சோதித்த லைகோ

2025 ஜனவரி 14. இந்திய நேரப்படி பிற்பகல் 1.52 மணி. அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்தில் உள்ள இரண்டு கருவிகளும் ஒரு சின்ன அதிர்வைப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய ஈர்ப்பு அலை அது. அதற்கு முன் பதிவான எந்த ஈர்ப்பு அலையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதனால் ஸ்டீபன் ஹாக்கிங் 1971ல் கணக்கு போட்டுச் சொன்ன ஒரு விதியை, இதை வைத்தே விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2025 செப்டம்பரில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளியானது.

என்ன விதி அது?

கருந்துளைக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி உள்ளே போன எதுவும், ஒளி உட்பட, திரும்பி வராது. இந்த எல்லையின் பரப்பளவு எப்போதும் குறையாது என்பதுதான் ஹாக்கிங் சொன்னது. இரண்டு கருந்துளைகள் சேர்ந்தால், புதிய கருந்துளையின் பரப்பு பழைய இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

இரண்டு சேர்ந்தா பெருசாத்தானே ஆகும், இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். சிக்கலே அங்குதான். மோதும்போது கருந்துளைகள் எடையை இழக்கின்றன. ஜனவரியில் மோதியவற்றில் ஒன்றின் எடை சூரியனைப் போல சுமார் 33.6 மடங்கு, இன்னொன்று 32.2 மடங்கு. கூட்டினால் 65.8. ஆனால் மிஞ்சியது சுமார் 62.7 தான். மூன்று சூரியன்களுக்குச் சமமான எடை ஈர்ப்பு அலையாகவே கரைந்து போய்விட்டது. போதாக்குறைக்கு, புதிய கருந்துளை வேகமாகச் சுழல்வதும் பரப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

அப்படியும் பரப்பு எப்படிக் கூடும்? கருந்துளையின் எடை இரண்டு மடங்கானால் அதன் ஆரமும் இரண்டு மடங்காகும். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆக, பரப்புக் கணக்கில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு அல்ல, நான்கு வரை போகலாம். அந்த உபரியில் இருந்துதான் அலைக்கான ஆற்றல் போகிறது. சுழலாத, சம எடையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதினால், அதிகபட்சம் 29 சதவீத எடையை மட்டுமே அலையாக இழக்க முடியும். அதைத் தாண்டினால் விதி உடைந்துவிடும். இந்த மோதலில் போனது 5 சதவீதத்துக்கும் குறைவு.

மோதலுக்கு முன் இரண்டின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். பின்பு சுமார் 4,00,000. விதி சரி என்பதற்கான உறுதி 99.999 சதவீதம்.

எப்படி அளந்தார்கள்?

மோதலுக்கு முன் ஒன்றையொன்று சுற்றி வந்தபோது கிளம்பிய அலையில் இருந்து பழைய பரப்பு தெரியும். புதிய பரப்பை எடுப்பதுதான் கஷ்டம். கோயில் மணியை அடித்த பிறகும் ரீங்காரம் கேட்கும் அல்லவா, அதுபோல புதிதாகப் பிறந்த கருந்துளையும் சில மில்லி விநாடிகள் அதிர்ந்து அடங்கும். அந்த ரீங்காரத்தின் சுருதியில் இருந்து அதன் எடையையும் சுழற்சியையும் கணக்கிட்டுவிடலாம்.

2015 செப்டம்பர் 14ல் பிடிபட்ட முதல் ஈர்ப்பு அலையும் கிட்டத்தட்ட இதே எடை, இதே தூரம்தான். அந்தச் செய்தி கேட்டதும், என் விதியை இதில் சோதிக்க முடியுமா என்று ஹாக்கிங் தன் நண்பர் கிப் தார்னுக்கு போன் போட்டுக் கேட்டார். அப்போது முடியவில்லை. ரீங்காரம் இரைச்சலில் மூழ்கிக் கிடந்தது. அதே தரவை மீண்டும் அலசி 2021ல் 95 சதவீத உறுதி வரை போனார்கள். இந்தப் பத்து ஆண்டுகளில் கருவியின் இரைச்சலைக் குறைத்ததுதான் மிச்ச தூரத்தைக் கடக்க வைத்தது. 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய மாற்றத்தைப் பிடிக்கும் கருவி அது. ஹாக்கிங் 2018லேயே காலமாகிவிட்டார். லைகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ரெய்னர் வெய்ஸ், ஆய்வு வெளியாக இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார்.

குவாண்டம் ஈர்ப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பரப்பு குறையாது என்பது, என்ட்ரோபி குறையாது என்ற வெப்ப இயற்பியல் விதியின் அச்சாக இருக்கிறதே என்று கவனித்தவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டீன். கருந்துளையின் பரப்பே அதன் என்ட்ரோபி என்றார். ஹாக்கிங் முதலில் இதை ஏற்கவில்லை. மறுக்கப் போய், 1974ல் தன் விதிக்கே ஒரு விலக்கைக் கண்டுபிடித்தார். குவாண்டம் விளைவைச் சேர்த்தால் கருந்துளை மெல்லக் கதிர்வீசும், சுருங்கவும் செய்யும். ஆனால் சூரியன் அளவு எடையுள்ள கருந்துளைகூட பிரபஞ்சத்தின் பின்னணி வெப்பத்தைவிட பல மடங்கு குளிர்ச்சியானது. அந்தக் கதிர்வீச்சை லைகோவால் பார்க்க முடியாது.

அதனால் இந்தச் சோதனை ஐன்ஸ்டீனின் கோட்பாட்டுக்குள் நிற்கும் சோதனைதான். குவாண்டம் ஈர்ப்பை நிரூபித்துவிட்டதாக யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் எந்த குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு வந்தாலும் இந்தப் பரப்பு-என்ட்ரோபி கணக்குக்கு விடை சொல்லியாக வேண்டும். 1996ல் ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் இழைக் கோட்பாட்டை வைத்து சில சிறப்பு வகைக் கருந்துளைகளுக்கு மட்டும் அதைக் காட்டினார்கள். ஜனவரியில் மோதிய மாதிரியான நிஜக் கருந்துளைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த கருவிகளில் ஒன்று இந்தியாவில் வருகிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு, சுமார் 2,600 கோடி ரூபாய் செலவில், மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது.