சாய்வெழுத்தும் படகின் இரு பக்கங்களும்

சாய்வெழுத்து என்றதும் நம் அச்சுத்துறை ஐரோப்பாவைத்தான் நினைத்துக்கொள்கிறது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அச்சுருவை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கற்றோரின் கையெழுத்தைப் பார்த்து வார்த்தது அது. பெரிய எழுத்துகள் அதில் நிமிர்ந்தே நின்றன. தமிழ் அச்சில் அப்படியொரு வழக்கம் வேர்விடவில்லை. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள், அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து என்று நாம் சமாளித்துக்கொண்டோம். சாய்வு நம்மிடம் செழித்தது சுவரிலும் சினிமா பேனரிலும் லாரியிலும் படகிலும்தான். ஆகவே தமிழ்த் தடித்த சாய்வெழுத்தின் இலக்கணத்தைப் பலகையில் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகின் அணியத்தை, அதாவது முன்பகுதியை, பார்க்கலாம். 'ஆரோக்கிய மாதா' என்ற பெயர் என்று வைத்துக்கொள்வோம். பட்டைத் தூரிகைக்கும் எனாமல் பெயின்டுக்கும் வளைவு பிடிக்காது. இரண்டு நேர் இழுப்புகள் சந்தித்தால் விளிம்பு துல்லியமாக விழும். அதனால் 'ஆ'வின் சுழி முனை முனையாக உடைகிறது. 'ட', 'ப' இரண்டும் ஏற்கெனவே கோண வடிவங்கள்தாம், தொந்தரவில்லை. 'ஞ', 'ஐ' வந்தால்தான் எழுதுபவரின் கை தெரியும்.

கணினியின் சாய்வுப் பொத்தான் இதில் எதையும் யோசிப்பதில்லை. நிமிர்ந்த எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கிறது. வட்டம், கோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, சாய்ந்த நீள்வட்டமாகிறது. 'க்'கின் புள்ளி அடுத்த எழுத்தின் தலைப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. கையால் எழுதுபவர் புள்ளியை மட்டும் பின்னுக்கு இழுத்து வைத்துவிடுவார். கூகுளின் நோட்டோ செரிப் தமிழ் எழுத்துருவில் சாய்ந்த வடிவத்துக்கு 'ஸ்லாண்டட்' (சாய்க்கப்பட்டது) என்றே முதலில் பெயரிட்டார்கள். நேர்மையான பெயர்.

இதைவிடப் பெரிய சிக்கல் திசை. படகின் வலப்பக்கத்தை வெளியே நின்று பார்த்தால் அணியம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். சாய்வெழுத்து படகோடு சேர்ந்து முன்னே பாயும். இடப்பக்கம் போனால் அணியம் இடக்கைப் பக்கம் வந்துவிடுகிறது. அதே எழுத்து இப்போது அமரத்தை, அதாவது பின்பகுதியை, நோக்கிச் சாய்கிறது, படகைப் பின்னே இழுப்பதுபோல. எதிர்ப்புறம் சாய்த்தால் அணியத்தின் சாய்வோடு பொருந்தும். ஆனால் இடமிருந்து வலம் படிக்கும் கண்ணுக்கு எழுத்து மல்லாந்து விழுவதாகத் தோன்றும். வேகம் எழுத்தின் குணம் என்று வடிவமைப்பு வகுப்பில் சொல்வதெல்லாம் பாதி உண்மைதான். எழுத்து எதன்மேல் இருக்கிறது, அது எந்தப் பக்கம் போகிறது என்பது மீதிப் பாதி. தடித்த கோணச் சாய்வெழுத்து விளையாட்டுப் போட்டித் தட்டிக்கும் படத் தலைப்புக்கும் ஏற்றது. பத்தி எழுத்தாக ஆகவே ஆகாது. காகிதத்துக்கு ஒரே திசை என்பதால் அங்கே இந்த இடப்பக்கச் சிக்கல் எழுவதில்லை. வண்டிக்கும் படகுக்கும் எழுத்துரு செய்பவர் இருபுறச் சாய்வையும் ஒரே குடும்பத்தில் வரைந்து தரவேண்டும்.

குளச்சலை ஒட்டிய மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறிப் புது பெயின்ட் பூசிக்கொள்ளும் காலம் அது. பழைய எழுத்து அதற்கடியில் போய்விடும். எழுத்துரு ஆய்வாளர்கள் மே மாதத்திலேயே வந்து, ஒவ்வொரு படகின் இரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.