பண்ணையாளின் வாக்கும் மேலவையின் இருக்கையும்: 1952ஆம் ஆண்டுத் தஞ்சைச் சட்டத்தின் வழி ஈரவை வேறுபாடு

முன்னுரை

ஈரவை முறையில் கீழவை மக்களின் விருப்பத்தையும் மேலவை நிதானத்தையும் குறிப்பதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்றைச் சென்னை மாநிலத்தில் 1952ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு அவைகளின் அமைப்பும் அதிகாரமும்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் 1937இல் ஈரவைகள் செயற்படத் தொடங்கின. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகள் வாக்குரிமையை வரையறுத்தமையால், காவிரிப் படுகையின் நிலமற்ற பண்ணையாட்களுள் பெரும்பாலோர் அதற்குப் புறத்தே நின்றனர். இந்திய அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு இத்தடையை நீக்கியது. எனினும், அவ்வுறுப்பு மக்களவைக்கும் மாநிலப் பேரவைகளுக்கும் மட்டுமே உரியது. மேலவை உறுப்பினர்களை 171ஆம் உறுப்பின்படி உள்ளாட்சி அமைப்பினர், பேரவை உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் ஆகியோர் தேர்ந்தெடுத்தனர். எஞ்சியோரை ஆளுநர் நியமித்தார். ஆகவே, பண்ணையாளின் வாக்கு பேரவைக்கு நேராகவும் மேலவைக்குப் பிறர் வழியாகவும் சென்றது.

அதிகாரத்திலும் வேறுபாடு உண்டு. சாதாரண மசோதாக்களில் கருத்து வேறுபாடு எழுந்தால் மாநிலங்களவையும் மக்களவையும் 108ஆம் உறுப்பின்படி கூட்டாக அமர்ந்து முடிவெடுக்கலாம். மாநில மேலவைக்கு அவ்வழி இல்லை. 197ஆம் உறுப்பின்படி அது மசோதாவை முதன்முறை மூன்று மாதமும் மறுமுறை ஒரு மாதமும் தாமதப்படுத்த மட்டுமே இயலும்.

1952: நியமன உறுப்பினரும் நம்பிக்கை வாக்கெடுப்பும்

1952 தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பெற்றது. தஞ்சைப் பகுதியிலிருந்தும் கம்யூனிஸ்டுகள் பேரவைக்குத் தேர்வாயினர். இந்நிலையில் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா, இராஜாஜியை மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10 அன்று இராஜாஜி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

ஆனால், அமைச்சரவை 164ஆம் உறுப்பின்படி பேரவைக்கே பொறுப்புடையது. ஜூலை 3 அன்று நம்பிக்கைத் தீர்மானம் 200க்கு 151 என்ற வாக்குகளில் அங்குதான் நிறைவேறியது. மேலவை உறுப்பினரான முதலமைச்சர் 177ஆம் உறுப்பின்படி பேரவையில் உரையாற்றலாம், வாக்களிக்க இயலாது. தமது ஆட்சியின் நிலைபேற்றைத் தீர்மானித்த அவையில் அவருக்கு வாக்கில்லை. அவ்வவையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு பண்ணையாளுக்கு இருந்தது.

தஞ்சைச் சட்டம்

ஆகஸ்டு மாதத்தில் தஞ்சை மாவட்டத்திற்கென அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர் அது 1952ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாயிற்று. குத்தகைதாரருக்கு ஐந்தாண்டு உரிமையையும் விளைச்சலில் ஐந்தில் இரு பங்கையும் அது உறுதிசெய்தது. பண்ணையாட்களின் கூலியை வரையறுத்து, அவர்களை விருப்பம்போல் நீக்குவதைத் தடுத்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்படாத நிலமுடையோருக்கு விலக்களித்தது அதன் வரம்பாகும். மிராசுதாரர்களின் எதிர்ப்பையும் மீறி இச்சட்டம் வந்தமைக்குக் களப் போராட்டங்களுடன், அப்போராட்டங்களின் குரல் பேரவையில் இடம்பெற்றதும் காரணம் எனக் கருதலாம்.

முடிவுரை

மேலவை இங்கு ஒரு தலைவர் ஆட்சிக்கு வரும் வாயிலாகப் பயன்பட்டது. அவரது ஆட்சி கவனிக்க வேண்டிய மக்களைப் பேரவையே முன்னிறுத்தியது. எனவே, ஈரவை வேறுபாட்டை நிதானம், வேகம் என்னும் இயல்புகளால் மட்டும் விளக்குவது போதாது. எந்த அவைக்கு யார் வாக்களித்தனர் என்பதையும் நோக்க வேண்டும். 1986 நவம்பர் 1 அன்று நீங்கிய தமிழக மேலவையை மீட்டெடுப்பது பற்றிய விவாதங்களுக்கும் இது பொருந்தும்.