கல்முனைக் கரையில் ஒலியும் ஒளியும்

மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியாக வகுக்கப்படும்வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. நெசவும் நெல்லும் மீனும் வாணிபமும் இவ்வூர்களின் வாழ்வு. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இக்கரையோரத்துக்கு வெளியுலகின் ஒலியும் ஒளியும் எவ்வழியே வந்தன, அவற்றுக்கு மக்கள் என்ன விலை கொடுத்தனர், கொடுத்த விலைக்கு எதனைப் பெற்றனர் என்பது ஆராயத்தக்க ஒரு வரலாறாகும்.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. 1949இல் ஒலிபரப்பு தனித் திணைக்களமாயிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. வானொலிக் காலத்தில் நேயர் கொடுத்த விலை இருவகைப்பட்டது: ஒன்று பெட்டியின் விலை, மற்றது ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய அனுமதிப்பத்திரக் கட்டணம். இவ்விரண்டையும் கொடுத்துவிட்டால் பின்னர் எத்துணை நேரம் கேட்டாலும் செலவு ஒன்றே. பெட்டி இல்லாதவனும் தேநீர்க் கடை வாயிலில் நின்று செய்தி கேட்டான். ஒருவர் கேட்பதனால் மற்றொருவருக்குக் குறைவு நேர்வதில்லை என்பது வானொலியின் இயல்பான கொடையாகும்.

எனினும், தலைநகரின் தொலைவு அன்றும் உணரப்பட்டதே. கல்முனை கொழும்புக்கு ஏறக்குறைய இரண்டு பாகை கிழக்கே உள்ளது. ஆதலின், கதிரவன் கல்முனையில் ஏறத்தாழ எட்டு நிமிடம் முந்தி மறைகிறான். நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொழும்பின் மஃரிப் பாங்கை மட்டும் நம்பியிருப்பவர் எட்டு நிமிடம் கூடுதலாகப் பசித்திருக்க வேண்டியதுதான். ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கே அவர்களுக்குச் சரியான கணக்கு. மையத்திலிருந்து வருவது எதுவாயினும் அதனைத் தம் ஊரின் அளவுக்குத் திருத்திக் கொள்ளவேண்டும் என்ற பாடத்தை இம்மக்கள் அக்காலத்திலேயே கற்றிருந்தனர்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சி தொடங்கிற்று. ஜப்பான் நாட்டின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் முதன்மை அஞ்சற்கோபுரம் 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் நின்றது. அங்கிருந்து கல்முனைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 125 கிலோமீற்றர். மத்திய கிழக்கில் உழைத்தவர் கொண்டுவந்த பெட்டிகள் வீடுகளில் அமர்ந்தன. கூரைக்கு மேலே நீண்ட குழாய்களில் அன்ரெனாக்கள் எழுந்தன. படம் மங்கினால் ஒருவர் கூரையேறிக் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து 'சரி, சரி' எனக் குரல் கொடுப்பார். குறை இயற்கையினுடையதாகையால் யார் மீதும் முறையீடு எழவில்லை.

தொலைபேசியின் வரலாறோ வேறு. அது நெடுங்காலம் அரச திணைக்களத்தின் தனியுரிமையாக இருந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றத் தலைப்பட்டது. திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று, 1996இல் கம்பனியாயிற்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவப்பட்டது. தனியார் நிறுவனங்களும் களமிறங்கின. 1995இல் வர்த்தக இணையச் சேவை நாட்டுக்கு வந்தது. முன்னர் 'இணைப்புக் கிடைக்கவில்லை' என்பது முறையீடு. இப்பொழுது 'இணைப்பு உண்டு, சொல்லப்பட்டது கிடைக்கவில்லை' என்பது முறையீடாயிற்று.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீதிகளே அழிந்தன. வீடுகள் மீண்டும் எழுந்த ஆண்டுகளில்தான் கட்டணத் தொலைக்காட்சியும் பரவிற்று. 2006 அளவில் செய்மதி வழிச் சேவைகள் விரிவடைந்தன. 2008இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே தொலைக்காட்சி தரும் சேவை அறிமுகமாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடர் உண்டு. வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் செய்மதியின் நுண்ணலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. கிண்ணம் இருந்தும் திரை வெறுமையாகின்றது. செப்புக் கம்பியிலோ, இணைப்பகத்திலிருந்து வீடு தூரமாகுந்தோறும் வேகம் குறைகின்றது. மாதச் சந்தா மட்டும் மழைக்கும் தூரத்துக்கும் குறைவதில்லை.

இணையவழிக் காட்சியில்தான் பாவனையாளரின் மனக்குறை முற்றுகின்றது. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வானொலிக் கோபுரம் ஓர் அலையை ஒருமுறை வீசினால் ஆயிரம் வீடுகளும் அதனையே பெறும். இணையத்திலோ பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி ஓடை. இஷாத் தொழுகைக்குப் பின் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் திரைமுன் அமர்ந்தால், வாய்க்கால் ஒன்று, மடைகள் ஆயிரம் என்ற நிலை உண்டாகின்றது. கடைமடைக்கு நீர் எட்டாத கதையை வேளாண்மை செய்யும் ஊர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால், நிறுவனம் விளம்பரத்தில் கூறும் வேகம் 'இவ்வளவு வரை' என்பதே. 'இவ்வளவு கட்டாயம்' என்பதன்று. 'வரை' என்ற அச்சிறு சொல்லில் வழக்கின் பாதி அடங்கியுள்ளது.

மற்றப் பாதி கணக்கில் உள்ளது. வேகம் பிட்டில் கூறப்படுகின்றது; அளவு பைட்டில் கழிக்கப்படுகின்றது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு படம் மணிக்கு 2.25 ஜிகாபைட்டை உண்ணும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 4.5 ஜிகாபைட் தேவை. இதனை அறியாதவர் மாதத்தின் பாதியில் தரவு தீர்ந்ததைக் கண்டு திகைக்கின்றனர். பல திட்டங்களில் தரவின் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படத்தக்கதாக ஒதுக்கப்பட்டது. பகலெல்லாம் உழைத்து உறங்குவோர்க்கு அப்பங்கு எட்டாக்கனி. ஸஹருக்கு விழிக்கும் ரமழான் மாதம் ஒன்றிலேயே அது இவ்வூர்களுக்கு இயல்பாகப் பொருந்திற்று. விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் உரிமை நாடு நாடாக விற்கப்படுவதால், 'உமது நாட்டில் இது கிடையாது' என்ற அறிவிப்பும் பணம் கட்டியவரை எதிர்கொள்கின்றது.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை பொழுதுபோக்காக இருந்த திரை பிள்ளைகளின் வகுப்பறையாயிற்று. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்து, கைப்பேசி ஒன்றாயின் எவருக்குப் பாடம்? மாதத் தரவு தீர்ந்தால் எவர் வகுப்பை விடுவது? தரவுக் குறைவு இவ்வாறு கல்விக் குறைவாயிற்று. 2021இன் தொடக்கத்தில் நாடெங்கும் பாவனையாளர் அளவற்ற தரவுத் திட்டங்களை வேண்டிக் குரலெழுப்பினர். ஆணைக்குழு அத்தகைய திட்டங்களை முன்வைக்குமாறு நிறுவனங்களைக் கேட்டது, திட்டங்களும் வெளிவந்தன. 'அளவற்றது' என்னும் பெயருக்குள் வேக வரம்பும் நியாயப் பாவனை வரம்பும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும், தனித்தனியே முணுமுணுத்த காலத்தில் அசையாதது, கூட்டாகக் கேட்டபோது ஓரளவேனும் அசைந்தது.

அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. மணிக்கணக்கான மின்வெட்டில் கோபுரங்களின் மின்கலங்களும் ஓய்ந்தன. 2022 செப்டம்பர் 5ஆம் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதத்தாலும், கட்டணத் தொலைக்காட்சியை 25 வீதத்தாலும் உயர்த்த ஆணைக்குழு அனுமதி அளித்தது. டொலரின் விலையும் எரிபொருளின் விலையும் ஏறியமை நிறுவனங்கள் காட்டிய காரணம். அக்காரணத்தில் உண்மை உண்டு. ஆனால், விலை உயர்த்தும் நாளைத் திட்டமாக அறிவிக்க முடிந்தவர்கள், மாலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேகம் நிச்சயம் என்பதையும் திட்டமாக அறிவிக்கலாமன்றோ?

சட்டம் பாவனையாளரைக் கைவிட்டுவிடவில்லை. சேவையின் குறைகுறித்து ஆணைக்குழுவிடம் முறையிட இடமுண்டு; 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் உள்ளது. முறையிடுவோர் தம் திட்டத்தின் பெயர், குறை நேர்ந்த நாள், மணி, அளந்து கண்ட வேகம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. வெறும் சினம் கடிதமாகாது. கணக்கோடு கூடிய சினமே கடிதமாகும். ஊர்ச் சங்கங்களும் நூலகங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இக்குறிப்புகளை ஒன்றுதிரட்டினால், தனிமனிதர் குரல் ஊரின் குரலாகும்.

கொழும்பின் பாங்கைத் தம் ஊரின் சூரியனோடு ஒப்பிட்டுப் பார்த்து நேரம் திருத்திக்கொண்டவர்கள் இக்கரையோர மக்கள். விளம்பரத்தின் வேகத்தையும் தம் வீட்டுத் திரையில் அளந்து பார்த்துக் கேள்வி கேட்பது அவர்களுக்குப் புதிய கலையன்று.