டோ பிளேக்

ஹெக்டர் 'டோ' பிளேக் (21 ஆகஸ்ட் 1912 – 17 மே 1995) கனடாவைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி வீரர், பயிற்சியாளர். ஆட்டக்காரராக மூன்று முறையும் பயிற்சியாளராக எட்டு முறையும் தேசிய ஹாக்கி லீகின் வாகையர் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றவர். இவரது பயிற்சியில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பையைக் கைப்பற்றியது. வேறெந்த அணியும் இச்சாதனையை இதுவரை எட்டவில்லை.

ஆட்ட வாழ்க்கை

ஒன்டாரியோ மாகாணத்தின் சட்பரி நகரை அடுத்த விக்டோரியா மைன்ஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தங்கையின் மழலையில் ஹெக்டர் 'ஹெக்டோ' ஆனதிலிருந்து வந்தது 'டோ' என்ற பெயர். 1935இல் மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியில் இருந்தபோது முதல் கோப்பை கிடைத்தது. மறு ஆண்டே கனேடியன்ஸுக்கு மாறினார். 1938–39 பருவத்தில் கோல்களும் கோலுக்கு உதவியவையுமாக 47 புள்ளிகள் எடுத்து தேசிய ஹாக்கி லீகில் முதலிடம் பெற்றார். சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கே கிடைத்தது. 1940இல் அணித்தலைவரானார்.

இடப்பக்கம் பிளேக், நடுவில் எல்மர் லாக், வலப்பக்கம் மொரிஸ் ரிஷார் என அமைந்த தாக்குதல் வரிசை 'பஞ்ச் லைன்' என்று புகழ்பெற்றது. 1944–45 பருவத்தில் லீகின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று இடங்களும் இம்மூவருக்கே. 1944 இறுதித் தொடரில் சிகாகோவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோலடித்துக் கோப்பையை உறுதிசெய்தவர் பிளேக். 1948 ஜனவரியில் ஏற்பட்ட கால் முறிவோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 577 லீக் ஆட்டங்களில் 235 கோல்கள் அடித்திருந்தார்.

பயிற்சியாளராக

ஹூஸ்டன், பஃபலோ, வேலிஃபீல்டு ஆகிய ஊர்களின் சிறிய அணிகளில் பயிற்சியாளர் தொழிலைக் கற்றார். 1955 மார்ச்சில் ரிஷாருக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து மாண்ட்ரியலில் கலவரம் வெடித்தது. சீற்றம் மிகுந்த அந்த வீரரைப் பக்குவமாக நடத்தத் தெரிந்த ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார். ரிஷாருடன் தோளோடு தோள் நின்று ஆடியவர், பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுபவர் என்பதால் அவ்வாண்டே பொறுப்பு பிளேக்கிடம் வந்தது.

எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியே அமரும் இரண்டு நிமிடங்களை அவரது அணி முழுமையாகப் பயன்படுத்தியது. 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக அப்படியொரு நேரத்தில் மாண்ட்ரியலின் ழான் பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். அடுத்த பருவத்தில் லீக் விதியையே மாற்றியது: ஒரு கோல் விழுந்தால் தண்டனை பெற்றவர் உடனே களம் திரும்பலாம்.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் (ரப்பர் வட்டு) மாண்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டு வந்த பிளாண்ட், முகமூடி இல்லாமல் இறங்க மறுத்தார். முகமூடி பார்வையை மறைக்கும் என்று கருதிய பிளேக், மாற்று கோல்கீப்பர் இல்லாத நிலையில் இணங்கினார். அந்தப் பருவத்திலும் கோப்பை மாண்ட்ரியலுக்கே வந்தது. அதன்பின் முகமூடி மெல்ல மெல்ல எல்லா அணிகளுக்கும் பரவியது.

ஓய்வும் மதிப்பீடும்

1965, 1966, 1968 ஆண்டுகளிலும் கோப்பை வென்று, அந்த எட்டாவது வெற்றியோடு விலகினார். 13 பருவங்களில் 500 லீக் வெற்றிகள் பெற்றிருந்தார். 1966இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். பயிற்சியாளராக அவர் வென்ற கோப்பைகளின் எண்ணிக்கையை 2002இல்தான் ஸ்காட்டி போமன் முந்தினார். இறுதிக் காலத்தில் அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டார். களத்தில் சம்பாதித்த மதிப்பைக் கொண்டே வீரர்களை வழிநடத்தியவர் என்ற வகையில், ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர்களுள் பிளேக்குக்குத் தனி இடம் உண்டு.